மூக்கை நீட்டும் பாடம்

என் அக்கா வீட்டுக்காரர் இருபது வருஷமாகக் கார் ஓட்டச் சொல்லித்தருகிறார். கெட்டிக்காரர், ஆனால் வாய் நீளம். கிளட்ச்சைச் சட்டென்று விட்டவர்களை அவர் திட்டுவதைக் கேட்டால் நன்றாக ஓட்டுகிறவனுக்கே ஓட்டுவது மறந்துவிடும்.

அவருக்கென்று ஒரு தனிப் பாடம் இருந்தது. கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட இடத்தில் யாராவது கடக்கப் பார்த்தால் நிறுத்தக் கூடாது. வண்டியின் மூக்கை மட்டும் மெல்ல நீட்ட வேண்டும். "அவனுக்கு உயிர் மேல ஆசை இருக்கும்ல, தானா ஒதுங்குவான்." சட்டம் அப்படிச் சொல்லவில்லையே அத்தான் என்று ஒருநாள் கேட்டேன். சைக்கிளில் போகிற உனக்கு என்ன தெரியும் என்று வாயை அடைத்துவிட்டார்.

போன மாதம் ஒரு தையல்காரம்மா அவரிடம் கற்றுக்கொண்டார். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வண்டி ஓட்டும் வேலை கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் லைசென்ஸ் காட்டாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். வியாழக்கிழமை டெஸ்ட். வழக்கமாக அத்தான் வெளியே டீ குடித்துக்கொண்டிருப்பார்; அந்தம்மா பயந்ததால் அன்று பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கோடு போட்ட இடத்தில் ஒருவர் பின்னால் குழந்தையை வைத்துச் சைக்கிளில் கடந்தார். அந்தம்மா பாடப்படி மூக்கை நீட்டினார். சைக்கிள் தடுமாறியது, குழந்தை அலறியது. முன்சீட்டில் இருந்த டெஸ்ட் அதிகாரி தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தார். இப்படி ஓட்ட யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார்.

அந்தம்மா கண்ணாடியில் அத்தானை ஒருமுறை பார்த்தார். "யாரும் சொல்லலைங்க. நானாத்தான் பண்ணிட்டேன்."

ஊரையே திட்டுகிற மனிதர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தம்மா ஃபெயில். இறங்கியதும், சிரமம் கொடுத்துவிட்டேன் சார் என்று இவரிடமே மன்னிப்புக் கேட்டுவிட்டு பஸ் ஏறப் போனார்.

அத்தான் அரைமணி நேரம் அங்கேயே நின்றாராம். அதன்பிறகு அதிகாரியின் அறைக்குப் போய், தப்பு என்னுடையது, நான்தான் அப்படிச் சொல்லிக்கொடுத்தேன், அவரைப் பாஸ் பண்ணிவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார். அது முடியாது என்றார் அதிகாரி.

"உங்ககிட்ட கத்துக்கிட்டவங்க இதே தப்புல ஃபெயிலாகுறது இந்த வருஷம் இது ஆறாவது தடவை. கேட்டா எல்லாரும் இதையேதான் சொல்றாங்க, நானாத்தான் பண்ணேன்னு."

இதைச் சொல்லும்போது அத்தான் என் முகத்தைப் பார்க்கவில்லை. வெட்கமாக இருக்கிறது என்று இரண்டு தரம் சொன்னார். ஃபெயிலாகி வந்த மற்ற ஐந்து பேரையும், சொல்லிக்கொடுத்தது மண்டையில் ஏறவில்லையா என்று அவர் நடுரோட்டில் வைத்துத் திட்டியிருந்தார்.