நாற்பத்தொரு வய்யா

எங்கள் பயிற்சி நோட்டில் 'வய்யா' என்ற சொல் நாற்பத்தொரு இடத்தில் வருகிறது. முதலில் எண்ணியது நானல்ல. மாநில அணியின் உடற்தகுதிப் பயிற்சியாளர் ஒவ்வொன்றையும் பென்சிலால் வட்டமிட்டு, கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் 41 என்று எழுதியிருந்தார். நோட்டு என் கைக்குத் திரும்பி வந்த பிறகு நானும் எண்ணிப் பார்த்தேன். பிழை இல்லை.

நீளவாக்கில் இருக்கும் தடித்த நோட்டு அது. ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் எனக்கு, வலப்பக்கம் அவளுக்கு என்று பிரித்திருந்தேன். தேதி, கிழமை, எழுந்த நேரம், உடல் எடை, ஓடிய தூரம், ஆன நொடி, தூங்கிய மணி. கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம். பதினான்கு மாதம் ஒரு நாள் விடாமல் எழுதினேன். ஓட்டம் அவள் வீட்டுப் பக்கம் என்பதால் நோட்டும் அங்கேதான் இருக்கும்; ஞாயிறு விவரத்தைத் திங்களன்று போய் எழுதுவேன். அவள் ஒரு வரிகூட எழுதியதில்லை. "நீ எழுது, நான் ஓடுகேன்" என்பாள்.

அவள் என் கூட்டுக்காரி. தோழி என்று எழுத்தில் எழுதினாலும் வாயில் வருவது அதுதான். இராஜாக்கமங்கலத்துக்குத் தெற்கே கடலோரத்தில் அவள் வீடு. அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். நான் மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் இடையில் பிறந்தவள். நாகர்கோவிலில் ஒரு தனியார் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை வேலை, பெண்கள் விடுதியில் அறை. கல்லூரி அணியில் இருவரும் ஒரே வாரத்தில் ரக்பிப் பந்தைத் தொட்டோம். படிப்பு முடிந்ததும் மற்றவர்கள் கல்யாணம், நர்சிங், வளைகுடா என்று பிரிந்தார்கள். நாங்கள் இருவர் மட்டும் விடவில்லை. மாநில அணியில் பன்னிரண்டு பேர். அதில் இரண்டு இடம் எங்களுக்கு என்று அவள் வீட்டு முற்றத்தில் மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும் தின்றுகொண்டே முடிவு செய்தோம். அவள் ஓரத்தில் ஓடுகிறவள், நான் நடுவில் ஆடுகிறவள். ஒருத்தி இடத்தை மற்றவள் பறிக்க வேண்டிய அவசியமே வராது என்று நான் கணக்குப் போட்டிருந்தேன்.

நாங்கள் ஆடியது எழுவர் ரக்பி. ஒரு பாதி ஏழு நிமிடம், இரண்டு பாதி. பதினான்கு நிமிடம்தானே என்று பள்ளியில் சக ஆசிரியர்கள் கேட்பார்கள். பதினைந்து பேர் ஓடவேண்டிய மைதானத்தை ஏழு பேர் காக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு மூன்று ஆட்டம் வரும். ஒவ்வொரு முறையும் எதிராளியை இடுப்பில் கட்டிப் பிடித்துச் சாய்த்துவிட்டு, மூச்சு திரும்புவதற்குள் எழுந்து அடுத்தவளை நோக்கி ஓட வேண்டும். விழுவதற்கும் எழுவதற்கும் தனித்தனியாகப் பயிற்சி உண்டு. கழுத்துக்குக்கூட உண்டு. தலையில் துண்டைச் சுற்றி ஒருத்தி இழுக்க, மற்றவள் கழுத்தை அசையாமல் வைத்திருக்க வேண்டும்.

எங்களுக்கு ஜிம் கிடையாது. உரச்சாக்கில் மணல் நிரப்பி வாயைத் தைத்து வைத்திருந்தோம். தோளில் ஏற்றி உட்கார்ந்து எழுவதற்கும் அதுதான், மோதிச் சாய்ப்பதற்கும் அதுதான். திங்களும் வியாழனும் கடற்கரை மணலில் ஓட்டம். செவ்வாயும் வெள்ளியும் பாரம். புதன்கிழமை மோதல். சனிக்கிழமை பிராங்கோ என்று ஒரு சோதனை: இருபது மீட்டர் போய்த் திரும்பி, நாற்பது போய்த் திரும்பி, அறுபது போய்த் திரும்பி, இதை நிற்காமல் ஐந்து முறை. முதல் சனிக்கிழமை நான் ஆறு நிமிடத்துக்கு மேல் எடுத்து, கடைசிக் கோட்டில் வாந்தி எடுத்தேன். அதையும் எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிறு ஓய்வு; அவள் மாதா கோயிலுக்குப் போவாள், நான் மாவட்ட நூலகத்தில் உட்கார்ந்து தசை, தூக்கம், உணவு என்று கிடைத்ததையெல்லாம் படிப்பேன்.

கரையில் வலை பின்னுகிறவர்களுக்கு நாங்கள் நல்ல பொழுதுபோக்கு. ரக்பியில் பந்தை முன்னால் எறியக்கூடாது, பின்னால் வருகிறவளுக்குத்தான் எறிய வேண்டும்.

"ஏலே, இங்க பாரு. முன்னால ஓடுவாளுவ, பின்னால எறிவாளுவ. இது என்ன களியோ?" என்பார் ஒருவர். களி என்றால் எங்கள் பக்கம் விளையாட்டு.

"பந்தும் கோழிமுட்ட மாதிரில்லா இருக்கு. அடை வச்சிருக்காளுவ போல."

"மாமா, ஒரு நாள் வந்து ஓடிப் பாருங்க. அடை வைக்கது யாருன்னு தெரியும்" என்று அவள் ஓடிக்கொண்டே கத்துவாள். நான் மூச்சை மிச்சம் பிடிப்பேன்.

இனி அந்தச் சொல். எங்கள் மேற்குப் பக்கத்தில் 'வய்யா' என்றால் முடியாது. உடம்புக்கு முடியாமல் படுத்திருப்பவரையும் 'அவருக்கு வய்யா' என்போம். ஆனால் அதோடு நிற்பதில்லை. பஸ்ஸுக்கு நிற்க வய்யா, அந்த ஆளிடம் பேச வய்யா, இந்த வெயிலில் துணி துவைக்க வய்யா. மனமில்லை, சலிப்பாக இருக்கிறது, இன்றைக்கு வேண்டாமே என்று தோன்றுகிறது, எல்லாம் அதற்குள் அடங்கும். காலையில் எழுந்ததும் ஓட மனம் வராத நாட்களில் குறிப்புக் கட்டத்தில் 'வய்யா' என்று எழுதுவேன். எழுதிவிட்டுப் போய் ஓடுவேன். அந்த நாற்பத்தொரு நாளில் ஒன்றில்கூட நான் பயிற்சியைத் தவறவிடவில்லை. தூரமும் நொடியும் பக்கத்துக் கட்டத்திலேயே இருக்கின்றன. வேறு ஊர்க்காரர் வாசிக்கப்போகும் நோட்டில் வீட்டுச் சொல்லை எழுதலாமா என்று ஒரு கணமும் யோசிக்கவில்லை. எழுதத் தொடங்கியபோது வேறு யாரும் வாசிப்பார்கள் என்றே நினைக்கவில்லை.

முகாமுக்கு மூன்று மாதம் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை, சாக்கில் மோதிய வேகத்தில் அவளுடைய வலது தோள் பிசகியது. கையைத் தூக்க முடியவில்லை. வலப்பக்கக் கட்டத்தில் 'தோள், வலது, கை உயரவில்லை' என்று எழுதினேன். அடுத்த திங்கட்கிழமை எல்லா மாவட்ட வீராங்கனைகளுக்கும் போனில் செய்தி வந்தது: தேர்வு முகாமுக்கு வரும்போது தினசரிப் பயிற்சிக் குறிப்பைக் கொண்டுவர வேண்டும். அந்தச் செய்தியையும் அன்றைய தேதியில் குறித்துக்கொண்டேன். ஊர் ஊராகப் பிள்ளைகள் இனிமேல்தான் உட்கார்ந்து பொய்யாக எழுதுவார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. எங்களுக்கு அந்தக் கவலை இல்லையே.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் பாரப் பயிற்சி முடிந்து மணலில் உட்கார்ந்திருந்தோம்.

"ஏட்டி, அந்தத் தோள் காரியம் நோட்டுல வேண்டாம்" என்றாள்.

"ஏன்?"

"நோட்டு எங்க வீட்டுலதான கெடக்கு. அம்ம எடுத்து வாசிப்பா. தெரிஞ்சா பொறவு என்னக் களிக்க விடமாட்டா."

"எழுதினத எப்படி அழிக்க?"

"ஒனக்குத் தெரியாத வேலையா? நல்ல பிள்ளையில்லா."

அன்று விடுதிக்கு நோட்டை எடுத்துப்போய், அந்த வாரத்துப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, வேறு தாளில் திரும்ப எழுதி ஒட்டினேன். தோள் இருந்த இடத்தில் 'ஓய்வு' என்று போட்டேன். பிறகும் நாலைந்து தடவை தோள் தொல்லை கொடுத்தது. ஒவ்வொரு தடவையும் 'ஓய்வு'. கிழிப்பதற்கு முன் கொஞ்சம் தயங்கினேன் என்று சொல்லிக்கொள்ளலாம், உண்மையில் தயங்கவில்லை. சந்தோஷமாகத்தான் செய்தேன். நான் எழுதியவற்றில் பொய்யானவை அவை மட்டுமே.

முகாம் சென்னைக்கு வெளியே ஒரு கல்லூரி மைதானத்தில், பத்து நாள். பிராங்கோவில் நான் என் சிறந்த நேரத்தை எட்டினேன். அவள் என்னைவிட மூன்று நொடி பின்னால் வந்தாள். உடற்தகுதியைப் பார்த்துக்கொண்ட மேடம் கோயம்புத்தூர்ப் பக்கம். என் நோட்டைப் புரட்டிவிட்டு எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டினார். "பாருங்க, இப்படித்தான் எழுதணும். இதை வச்சு ஒரு ஆளோட உடம்பையே படிக்கலாம்" என்றார். என் கூட்டுக்காரிதான் முதலில் கை தட்டினாள்.

எட்டாம் நாள் எங்கள் இருவரையும் மேடம் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். பதினோரு பேர் முடிவாகிவிட்டது. கடைசி இடத்துக்கு, நடுவிலும் ஓரத்திலும் ஆடக்கூடிய ஒருத்தி வேண்டும். உங்கள் இருவரில் ஒருத்தி.

வெளியே வந்ததும் அவள் என் தோளில் கை போட்டாள். "யாரு போனாலும் நம்ம ஊரு போகுதுல்லா" என்றாள். நானும் அதைத்தான் சொல்ல நினைத்தேன்.

பத்தாம் நாள் காலை பட்டியல் ஒட்டினார்கள். கடைசிப் பெயர் அவளுடையது. தோற்பது எனக்குப் புதிதல்ல. மேடத்திடம் நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகலாம் என்றுதான் அவர் அறைக்குப் போனேன். அவர் என்னை உட்காரச் சொன்னார்.

"முட்டியை முதல்ல காட்டிச் சரி பண்ணிக்கோம்மா. இப்படி மறைச்சு மறைச்சு ஆடினா ஒருநாள் நிரந்தரமா உட்கார வேண்டியதுதான்."

"எந்த முட்டி மேடம்?"

அவர் நோட்டைத் திறந்து வட்டங்களைக் காட்டினார். "இந்த வார்த்தை எனக்குப் புரியலை. உங்க ஊர்ப் பொண்ணுகிட்டயே கேட்டேன். உடம்புக்கு முடியலைன்னா இப்படித்தான் சொல்வீங்களாமே. வலது முட்டியில பழைய வலின்னும், நீ வெளியே சொல்லமாட்டேன்னும் சொன்னா. பாவம், உன்னை நினைச்சு வருத்தப்பட்டுத்தான் சொன்னா."

நான் அந்தச் சொல்லின் பொருளை விளக்கினேன். ஒவ்வொரு வட்டத்துக்கும் பக்கத்தில் இருக்கும் தூரத்தையும் நொடியையும் காட்டினேன். அவர் பிசியோவை வரவழைத்து என் முட்டியை மடக்கி, நீட்டி, அழுத்திப் பார்க்க வைத்தார். ஒன்றும் இல்லை என்றார் பிசியோ. மேடம் நோட்டை மூடினார்.

"பட்டியல் காலையிலேயே மேலே போயிடுச்சு. ஆனா ஒண்ணு கேக்கறேன். அந்தப் பொண்ணு ஏன் முட்டின்னு சொல்லணும்?"

அந்த நேரத்தில் நான் வலப்பக்கக் கட்டங்களைக் காட்டியிருக்கலாம். கிழித்து ஒட்டிய இடத்தைக் காட்டியிருந்தால் பட்டியல் திரும்பி வந்திருக்கவும் கூடும். ஆனால் ஒட்டியது என் கை. நோட்டில் பொய் இருக்கிறது என்று சொன்னால், இடப்பக்கத்தை மட்டும் அவர் எதற்காக நம்ப வேண்டும்? தெரியவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அவள்மேல் உள்ள பாசத்தால் மறைத்தேன் என்று பின்னால் சிலரிடம் சொல்லியிருக்கிறேன். அது சரியல்ல.

அறையில் அவள் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"முட்டுன்னு எதுக்குட்டி சொன்ன?"

"கேட்டாங்க. வாயில வந்தத சொன்னேன்."

"வய்யான்னா என்னன்னு ஒனக்குத் தெரியாதா?"

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஒனக்கு ஜோலி உண்டு. வருஷம் முழுக்க பிள்ளையளுக்கு விசில் ஊதிக்கிட்டு இருக்கலாம். இது போச்சுன்னா எனக்கு என்ன உண்டு?"

"அதுக்கு?"

"அதுக்குத்தான்" என்றாள். பிறகு, "எனக்க மஞ்சத் துண்டப் பாத்தியா?" என்று கேட்டாள்.

துண்டு என் கட்டிலில் கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

ஊர் திரும்பி இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, என் பூட்ஸையும் கயிற்றையும் எடுத்துவர அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அணியோடு இருந்தாள். தோள் விஷயத்தை அவள் அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்ற எண்ணம் பஸ்ஸில் ஏறும்போதே இருந்தது. ஒரு வாக்கியம் போதும். அம்மா போன் போட்டு அழுது கூப்பிட்டுவிடுவார். நாகர்கோவிலிலிருந்து அங்கே போய்ச் சேரும்வரை அந்த வாக்கியத்தைத்தான் மனதுக்குள் திருத்திக்கொண்டிருந்தேன்.

அவள் அம்மாவை நான் மாமி என்றுதான் கூப்பிடுவேன். மாமி பூசை முடிந்து வந்து சேலைகூட மாற்றவில்லை. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"மக்களே, முட்டு எப்படி இருக்கு? அவ போன்ல சொன்னா. மனசு கேக்கல்ல எனக்கு. காட்டு பாப்பம்."

"ஒண்ணும் இல்ல மாமி."

"நீ சும்மா இரி." உள்ளே போய் ஒரு குப்பியோடு வந்தார். என் பேண்டை முட்டிவரை சுருட்டிவிட்டு, தைலத்தை உள்ளங்கையில் ஊற்றித் தேய்க்கத் தொடங்கினார். மீன் நறுக்கித் தழும்பேறிய விரல்கள், நல்ல பிடி. "நல்ல தைலம் இது. அவளுக்க தோளுக்கும் இதத்தான போட்டேன்."

"எந்தத் தோள் மாமி?"

"வலது தோளு. சாக்குல போய் இடிச்சுக்கிட்டு வந்தாளே. அண்ணைக்கே எங்கிட்ட வந்து காட்டினா. ராத்திரி பூரா நாந்தான சூடு வச்சேன். நீயும் கூட உண்டும்லா?"

"உண்டு" என்றேன்.

"களிக்கப் போகாதேன்னு நான் ஒரு வார்த்த சொல்லல்ல. அவளுக்க ஆச அது. நாம ஏன் தடுக்கணும்?"

தேதிகளைப் பார்க்க எனக்கு நோட்டு வேண்டியதில்லை. தோள் பிசகியது புதன். அன்றே அம்மாவுக்குத் தெரியும். வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, என் எழுத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. குறிப்பைக் கொண்டு வரச்சொல்லிச் செய்தி வந்தது திங்கள். அவள் என்னிடம் அம்மாவைச் சொல்லிக் கேட்டது செவ்வாய். முகாமில் வைத்து, ஓர் இடத்துக்காக, வாயில் வந்ததைச் சொன்னாள் என்று இரண்டு வாரமாக எனக்கு நானே சொல்லிவந்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமை மணலில் உட்கார்ந்திருந்தபோது எங்களுக்கிடையே எந்தப் போட்டியும் இல்லை. இரண்டு இடம் இருந்தது. அப்போதே தன் பக்கத்தை என் கையால் சுத்தம் செய்துகொண்டாள். என் பக்கம் அப்படியே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"நல்லா வலிக்கோ? முகம் ஒரு மாதிரி இருக்கே" என்றார் மாமி.

"இல்ல மாமி. இப்ப கொள்ளாம், நல்லா இருக்கு."

"நீ இல்லன்னா அவ இந்த எடத்துக்கு வந்திருக்கமாட்டான்னு அவளுக்க அப்பாகிட்ட நேத்துகூட சொன்னேன். நில்லு, நெய்மீன் இருக்கு. சோறு தின்னுட்டுப் போலாம்."

மற்ற முட்டியையும் காட்டச் சொன்னார். காட்டினேன். அதற்கும் தேய்த்துவிட்டார். நாகர்கோவிலுக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.