முதல் வாய் காவலருக்கு

உருளைக்கிழங்கு மூட்டைக்குள் கையை விட்டுத் துழாவுகிறாள். அகப்படுவது நாலைந்து; அதிலும் பாதி அழுகல். முகம் வாட வேண்டுமே, வாடாது. “விடு, சேனை இருக்குல்ல” என்கிறாள், கூடமாட உதவும் நாத்தனாரிடம். அட்டைப்பெட்டி ஆலையின் சமையற்கட்டில் இவளுக்கு ‘மாத்து அக்கா’ என்று பெயர் விழுந்தது சும்மா இல்லை.

ஒரு கிழங்கு இல்லையென்றால் இன்னொன்று. சர்க்கரைவள்ளியின் இனிப்பை எலுமிச்சையும் மிளகாயும் போட்டு அடக்குவாள். சேப்பங்கிழங்கின் வழவழப்பை எண்ணெயில் சுருள வதக்கிப் போக்குவாள். என்ன கிழங்கு என்று கேட்டால் மட்டும் பிடி கொடுக்க மாட்டாள். “தட்டு காலியாகட்டும், அப்புறம் சொல்றேன்.” சொன்ன பிறகு கேட்டவன் திருதிருவென விழிப்பதைப் பார்த்தால் போதும், இவளுக்கு அன்று சாப்பாடே வேண்டாம்.

சேனைதான் வம்பு பிடித்தது. புளித்தண்ணீரில் வேகாவிட்டால் தொண்டையை அரித்துவிடும். இவள் நாக்கோ ருசி பார்த்துப் பார்த்து மரத்துப்போனது, அரிப்பு தெரியாது. அதனால் சேனை சமைத்தால் முதல் வாய் வாயிற்காவலருக்கு. அவர் தொண்டை அப்படி, சேனையைப் பார்த்தாலே இருமுவார். வாய் நிறையத் திட்டுவார். ஆனாலும் “அண்ணே, ஒரு வாய்” என்று இவள் கூப்பிட்டால் வந்துவிடுவார்.

இன்று குழம்பு கொதித்த பிறகுதான் கேட்டாள்: “கெழங்கு வேகறப்ப புளி எவ்வளவு ஊத்துன?”

“நீங்க ஊத்திட்டீங்கன்னு நெனச்சேன், அண்ணி” என்றாள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த நாத்தனார்.

கிழங்கில் கரைய வேண்டிய புளி இவள் வயிற்றில் கரைந்தது. இன்னொரு புகார் வந்தால் சாப்பாட்டை வெளியிலிருந்து வரவழைத்துக்கொள்கிறேன் என்று முதலாளி போன வாரம்தான் சொல்லியிருந்தார். அவசரமாகக் கெட்டிப் புளியைக் கரைத்து ஊற்றி மறுபடி கொதிக்கவிட்டாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. ஆட்கள் தட்டோடு வரிசையில் வந்து நின்றார்கள்.

காவலர் வந்து உட்கார்ந்தார். “இன்னிக்குப் புளி போட லேட்டாயிடுச்சுண்ணே. பாத்து சாப்பிடுங்க.” ஊருக்கே ஒளிப்பவள், அவரிடம் மட்டும் எதையும் ஒளித்ததில்லை.

“என்னைக் கொல்றதுன்னே முடிவு பண்ணிட்டியா, தங்கச்சி?” என்றபடி ஒரு துண்டை வாயில் போட்டார். மென்றார். விழுங்கினார். அவர் கை மெல்லக் கழுத்துக்குப் போனது. இவள் கரண்டியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அவர் சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டு, தட்டை நெஞ்சருகே இழுத்துக்கொண்டு அடுத்த துண்டை எடுத்தார்.