தம்பி கைக்குப் போன அடுப்பு

கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, மண் பூசித் தீ வைத்துக் கரியாக்குவது என் தொழில். உத்தரகோசமங்கைப் பக்கம் என் கரிமூட்டம் என்றால் தெரியாதவர்கள் கிடையாது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கூலிக்கு விறகு வெட்டப் போய், பிறகு சொந்தமாக மூட்டம் போட்டு, லாரி வாங்கி, மாடி வீடும் கட்டினேன். புகையின் நிறத்தைப் பார்த்தே உள்ளே விறகு எந்தப் பதத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். என்னோடு படித்து எழுத்து வேலைக்குப் போனவர்கள் என்னிடம் கைமாற்றுக்கு வந்து நின்றதுண்டு. சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இல்லை. பாம்புக்கோ, போலீசுக்கோ, கடன்காரனுக்கோ நான் பயந்ததில்லை. ஆனால் சிக்குன்குனியாக் காய்ச்சல் வந்த வருஷத்தில், என் வீட்டுக்குள்ளேயே, என் கூடப் பிறந்த தம்பிக்குப் பயந்து கிடந்தேன்.

தம்பிக்கு வாலிப வயசிலேயே புத்தி பிசகிவிட்டது. முதலில் சாப்பாட்டில்தான் ஆரம்பித்தது. சோற்றில் எதையோ கலக்குகிறீர்கள் என்பான். வட்டிலை முகர்ந்து பார்த்துத் தெருவில் வீசுவான். ஒரு நாள் பரிமாறிக்கொண்டிருந்த என் மனைவி மேல் மண்வெட்டிக் காம்பை ஓங்கினான். குறுக்கே போன எனக்குக் காதோரம் கிழிந்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. கோயில் கோயிலாகக் கூட்டிப்போய், மந்திரித்துக் கயிறு கட்டி, ஒன்றும் ஆகாமல், கடைசியில் ராமநாதபுரத்தில் ஒரு மனநல டாக்டரம்மாவிடம் போய்ச் சேர்ந்தோம். அவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். தம்பி அதைத் தொடமாட்டேன் என்றான்.

அங்கேதான் நான் ஒரு வழி பண்ணினேன். மாத்திரையை என் மனைவி டம்ளரின் அடியால் நுணுக்கி, கருவாட்டுக் குழம்பில் கலந்து அவன் வட்டிலில் ஊற்றுவாள். புளிப்பிலும் உறைப்பிலும் கசப்பு தெரியாது. டாக்டரம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. அவனிடம் சொல்லித்தான் கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் கண்டித்தார். அவனை உங்களுக்கு மாசத்தில் ஒரு நாள் தெரியும், எனக்கு அவன் பிறந்த நாளிலிருந்து தெரியும் என்று நானும் சொல்லிவிட்டேன். என் வழிதான் பலித்தது. தம்பி தெளிந்தான். என்னோடு மூட்டத்துக்கு வந்து ரெண்டு ஆள் வேலையை ஒருத்தனாகப் பார்த்தான். எப்போதாவது, "அண்ணே, கொழம்புல என்னமோ கலந்திருக்கு" என்பான். அவன் தலையில் கை வைத்து, ஒன்றும் கலக்கவில்லை என்று சத்தியம் செய்வேன். அவனும் நம்பிச் சாப்பிடுவான்.

அந்தச் சிக்குன்குனியாக் காய்ச்சலை எங்கள் பக்கம் பட்டவர்களுக்குத் தெரியும். காய்ச்சல் போய்விடும், மூட்டு மட்டும் பூட்டுப் போட்டது போல நின்றுவிடும். கோழியால் வருகிறது என்று எவனோ கிளப்பிவிட, ஊரில் கோழிக்கறி தின்பதையே விட்டார்கள். கோழி தின்னாதவர்களும் விழுந்தார்கள். முதலில் என் மனைவி, அடுத்து நான். அக்காள்மடத்தில் கட்டிக்கொடுத்த மகளுக்குப் போன் போட்டால் அவளும் படுக்கையில் கிடந்தாள். லாரி டிரைவர் கக்கூசுக்கே சுவரைப் பிடித்துக்கொண்டு போனான்.

தம்பிக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. தெருவே கூனிக்கொண்டு நடக்க, அவன் ஒருத்தன்தான் நிமிர்ந்து நடந்தான். வீட்டு வீட்டுக்குத் தண்ணீர் எடுத்து ஊற்றினான். எங்களுக்குக் கஞ்சி வைத்தான், துவையல் அரைத்தான். இவனையா பைத்தியம் என்றோம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு நாள் அவன் தண்ணீருக்குப் போயிருந்தபோது என் மனைவி மெல்லச் சொன்னாள்.

"ஏங்க, அடுப்பு தம்பி கைக்குப் போயிருச்சு. இனிமே எப்படிங்க கலக்குறது?"

நான் காய்ச்சல் மயக்கத்தில் இதை நினைக்கவே இல்லை. அரிசிப் பானைக்குள் மாத்திரை அட்டை பத்திரமாக இருக்கிறது. ஆனால் அவன் சமைக்கிறான், அவனே போட்டுச் சாப்பிடுகிறான். பானையில் கலந்தால் மூன்று பேரும் தின்ன வேண்டும். அவன் வட்டிலில் கலக்கலாம் என்று நானே தவழ்ந்து அடுப்படிக்குப் போனேன். விரல் மடங்காமல் அட்டையைப் பிய்க்க முடியவில்லை. குடத்தோடு உள்ளே வந்தவன் என்னைப் பார்த்துவிட்டான். அட்டையை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு தண்ணீர் வேண்டும் என்றேன். கொடுத்தான். குடித்து முடிக்கும் வரை கண்ணை எடுக்காமல் பார்த்தான். அன்றையிலிருந்து கஞ்சிப் பானையின் மூடி மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டுத்தான் வெளியே போனான்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. தூக்கம் போனது. வாசல் நிலையில் நின்று யாருக்கோ பதில் சொல்வது போல உதட்டை அசைத்தான். குடத்துத் தண்ணீரை முகர்ந்தான். அரிவாளைத் தீட்டினான். விறகுக்குத்தான், எனக்குத் தெரியும். என்றாலும் அந்தச் சத்தம் கேட்கும்போது என் மனைவி என் கையைப் பிடித்துக்கொள்வாள். பிடித்தால் ரெண்டு பேருக்கும் வலி உயிர் போகும். ஆனாலும் விடமாட்டாள். எழுந்து ஓடவும் முடியாது. கத்தினால் வருவதற்குத் தெருவில் நடமாட்டமுள்ள ஆள் இல்லை.

கஞ்சியை முன்னால் வைத்துவிட்டு நாங்கள் குடிப்பதைக் குந்தியிருந்து பார்க்கத் தொடங்கினான். நான் தயங்கினால், "குடிண்ணே. நான் ஒண்ணும் கலக்கல" என்பான். அதைக் கேட்டபின் தொண்டையில் கஞ்சி இறங்குமா? இறக்கினேன். அவன் இத்தனை வருஷம் எதற்குப் பயந்தானோ அந்தப் பயம் இப்போது என் வட்டிலில் வந்து உட்கார்ந்திருந்தது.

போர்வைக்குள் போனை வைத்து டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். அவரும் காய்ச்சலில் விழுந்து எழுந்தவர்தான், குரல் கம்மியிருந்தது. அனுப்ப ஆள் இல்லை என்றார். நாள் தள்ளினால் உங்கள் தம்பி பழையபடி ஆகிவிடுவார், இன்றைக்கே உண்மையைச் சொல்லி மாத்திரையைக் கொடுங்கள், கெஞ்சாதீர்கள், பொய் மட்டும் சொல்லாதீர்கள் என்றார்.

உச்சி வெயில் நேரம். விறகு பிளந்துகொண்டிருந்தவனைக் கூப்பிட்டேன். அரிவாளோடு வந்தான்.

"ஏலே, இங்கன ஒக்காரு. ஒரு விஷயம் சொல்லணும்."

நின்றுகொண்டே இருந்தான். அட்டையை எடுத்து நீட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை வருஷமாக, எந்தக் குழம்பில், எதற்காக. என் மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.



"அப்ப நான் சொன்னது நெசம்" என்றான். "என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுனியேண்ணே."

ஆமென்று தலையாட்டினேன். 

அட்டையை வாங்கி ஒன்றைப் பிதுக்கினான். அதை என் வாயருகே கொண்டுவந்தான்.

"நீ தின்னு பாப்பம்."

விழுங்கினேன். வேறு என்ன செய்வது? அவன் எதிரே உட்கார்ந்து, அரிவாளை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். சிறிது நேரத்தில் கண்ணை இழுத்தது. தூங்கக் கூடாது, தூங்கினால் இவளைத் தனியாக விட்டதாகிவிடும் என்று தொடையைக் கிள்ளினேன். விரல்தான் மடங்கவில்லையே. எப்போது கண் சொக்கியதென்று தெரியாது.

முழித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. வாயோரம் எச்சில் வழிந்திருந்தது. முதலில் என் மனைவியைத்தான் தேடினேன். சுவரில் சாய்ந்து விழித்திருந்தாள். தம்பி அதே இடத்தில் இருந்தான்.

"சாகலையே" என்றான். "நாக்கு தடிக்குதா?"

"தடிக்குதுப்பா."

"எனக்கு இம்புட்டு வருசமா அப்படித்தான் இருக்கு. சொன்னா, வெயில்ல நிக்கிறே, அதான்னு சொல்லுவே."

சொல்லிவிட்டு இன்னொன்றைப் பிதுக்கி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். தூக்கிப் போட்டுவிடுவான் என்று நினைத்தேன். வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான்.

பிறகு அவனாகவே மாத்திரை போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தான். எங்களுக்கும் மூட்டு இளகியது. என் மனைவி அடுப்புக்குத் திரும்பிய அன்று அவனுக்கும் வட்டில் வைத்தாள். அவன் வரவில்லை. மூட்டத்துக் கொட்டகையில் மூன்று கல் கூட்டித் தனியாக உலை வைத்துவிட்டான். பொங்கலுக்குக்கூட அவள் கையால் ஒரு வாய் வாங்கியதில்லை. கொழுந்தனை மகன் போல வளர்த்தவள் அவள். அதை நினைத்தால் இப்போதும் அழுகிறாள்.

மாத்திரை அட்டை அவன் இடுப்பில்தான் இருக்கிறது. மாசம் ஒரு முறை அவனே பஸ் ஏறிப் போய் வாங்கி வருகிறான். என்னால் கலக்கவும் முடியாது, கேட்கவும் முடியாது. மாலையானால் மாடியில் நின்று கொட்டகைப் பக்கம் பார்ப்பேன். உலைப் புகை கிளம்பிவிட்டால் மூச்சு வரும். தாமதமானால் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு கொட்டகைக்கு நடப்பேன். தீப்பெட்டி இருக்கிறதா என்று கேட்பேன்.

நான் எதற்கு வந்தேன் என்று அவனுக்குத் தெரியும். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுவான்.

"முழுங்கிட்டேன், பாத்துக்க. ஒனக்கும் ஒண்ணு வேணுமா?"

சிரித்துவிட்டுத் திரும்பி வருவேன். மறுநாள் மாலை மறுபடியும் மாடி ஏறுவேன்.