என் கையெழுத்தில் ஒரு ராஜினாமா

போன மாதம், என் கையெழுத்தில் இருந்த ஒரு ராஜினாமா கடிதத்தைப் படித்தேன். எழுதியது நானில்லை.

ஃபான்ட் வடிவமைப்பது என் தொழில் — கம்ப்யூட்டரில் டைப் அடிக்கும்போது திரையில் வருகிறதே, அந்த எழுத்து. சில வருடங்களுக்கு முன் என் கையெழுத்தையே ஒரு ஃபான்ட்டாக்கி இணையத்தில் இலவசமாக விட்டேன். அவசரத்தில் கிறுக்கியது போல இருக்கும். எல்லா ‘க’வும் ஒரே அச்சில் இருந்தால் மெஷின் என்று தெரிந்துவிடும் இல்லையா? அதனால் ஒவ்வொரு எழுத்துக்கும் மூன்று வடிவம். ஒரே வரிசையில் மாறி மாறி வரும். கல்யாணப் பத்திரிகை, தாம்பரம் பேக்கரி போர்டு, பள்ளிக்கூட நோட்டீஸ்... எங்கே பார்த்தாலும் எனக்குப் பெருமைதான்.

சிட்லபாக்கத்தில் எங்கள் அப்பார்ட்மென்ட்டைப் பெருக்கித் துடைக்கும் செல்வியக்கா, ஒரு நாள் போனை நீட்டினார். அவர் கணவர் குமாருக்குத் திருமுடிவாக்கத்தில் தகடு அழுத்தும் மெஷினில் வேலை. மெஷின் அவருடைய வலது கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டது. கம்பெனியோ, முந்தின நாளே அவர் வேலையை விட்டுவிட்டதாகச் சொல்கிறது. அனுமதியில்லாமல் உள்ளே வந்து மெஷினைத் தொட்டாராம். ஆதாரம்? போனில் இருந்த அந்தக் கடிதம்.

“அவரு எழுதலை சார். கீழ கையெழுத்து மட்டும்தான் அவரோடது. வேலைக்குச் சேரும்போதே வெறும் பேப்பர்ல வாங்கிகினாங்க. நீங்க எழுத்து வேலை பாக்குறீங்களே... பாத்துச் சொல்லுங்க.”

முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. வால் நீண்ட அந்த ‘ன’ என்னுடையது.

“இது என் எழுத்துக்கா.”

“நீங்களா எழுதிக் குடுத்தீங்க?”

இல்லை என்று புரியவைக்க அரைமணி நேரம் ஆனது. மெஷின் என்று தெரியக்கூடாது என்பதற்காகவே நான் பட்ட பாடு, யாருக்குப் பயன்பட்டிருக்கிறது பாருங்கள்.

அன்றைக்கே ஃபான்ட்டை இணையத்திலிருந்து எடுத்தேன். எடுத்து என்ன? இறக்கிக்கொண்டவர்களிடம் இருக்கிறதே.

தொழிலாளர் அலுவலகத்துக்கு லேப்டாப்போடு போனேன். அதிகாரி முன்னால், கம்பெனி கொடுத்திருந்த கடிதத்தை அப்படியே டைப் அடித்து பிரின்ட் எடுத்தோம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு புள்ளிகூட விலகவில்லை.

விசாரணைக்கு வந்திருந்த கம்பெனி மேனேஜர் சாதாரணமாகச் சொன்னார்: “இவருக்குன்னு தனியா செய்யலை சார். எல்லாருக்கும் ஒண்ணு ரெடியா வெச்சிருப்போம். தேதி மட்டும் போடணும்.”

அதைவிட மோசமாக ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. அவர் முகத்தில் கூச்சம் எதுவும் இல்லை.

விபத்தன்று குமார் வேலையில்தான் இருந்தார் என்று பதிவானது. அவர் கையெழுத்துப் போட வேண்டும். இடது கையால், நாக்கைக் கடித்துக்கொண்டு, மெதுவாகப் போட்டார்.

அதிகாரி பழைய பேப்பரைப் புரட்டினார். “முன்ன போட்ட கையெழுத்தோட மேட்ச் ஆகலையேப்பா.”

“அந்தக் கை இப்ப இல்ல சார்” என்றார் குமார்.