அப்பா சின்னதாகிவிட்டால்?

கீழ் வீட்டில் ஒரு ஷூவைக் காணோம்.

போன திங்கட்கிழமை காலை. காபியோடு பால்கனியில் வந்து நின்றால், கீழே கட்டில் நகர்கிறது, பீரோ நகர்கிறது, பாத்திரம் உருள்கிறது. ராயபுரத்தில் ஒரு வீட்டில் சத்தம் கேட்டும் எட்டிப் பார்க்காமல் இருப்பது மரியாதைக் குறைவு. நான் மரியாதை தெரிந்தவள். இறங்கிப் போனேன்.

ஸ்டீபன் ஒரு காலில் ஷூவும் இன்னொரு காலில் வெறும் சாக்ஸுமாக நின்றுகொண்டிருந்தார். அவருக்குத் துறைமுகத்தில் வேலை. இதுவரை கன்டெய்னர் யார்டில், கரையிலேயே. அன்றுதான் முதல் முறையாக டக் போட்டில் ஏறப் போகிறார். டக் என்றால்... வெளியே காத்திருக்கும் பெரிய கப்பல்களைக் கயிறு கட்டித் துறைமுகத்துக்குள் இழுத்து வருமே, அந்தக் குட்டிப் படகு. சம்பளம் கூடுதல். மாதக்கணக்கில் அலைந்து வாங்கிய வேலை. முதல் நாளே லேட்டாகப் போனால் அந்த இடத்துக்கு வேறு ஆள் தயாராக இருக்கிறார். சேஃப்டி ஷூ இல்லாமல் போனாலோ, கேட்டுக்குள்ளேயே விட மாட்டார்கள்.

அவர் மனைவி ஜெசிந்தா கட்டிலுக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தாள். மூத்தவள் ஷெரின், ஒன்பது வயது, ஸ்கூல் பையை மாட்டியபடி தங்கையை முறைத்துக்கொண்டிருந்தாள். தங்கை மினிக்கு ஐந்து வயது. யு.கே.ஜி. சுவரோரமாக மிக ஒழுக்கமாக உட்கார்ந்திருந்தாள். அந்த வயதில் ஒரு குழந்தை ஒழுக்கமாக உட்கார்ந்திருந்தால் வேறு சாட்சி தேவையா?

"மினி, டாடி ஷூவ பாத்தியாம்மா?" என்றேன்.

"எனக்குத் தெரியாது ஆன்ட்டி. தண்ணி டிரம்முல இல்ல."

வாசலில் இருந்த காலி டிரம்மைத் திறந்தோம். ஷூ இருந்தது. ஸ்டீபன் அதை மாட்டிக்கொண்டு, லேஸைக்கூடக் கட்டாமல் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தார்.

ஜெசிந்தாவுக்குக் கோபம். எனக்கோ, உண்மையைச் சொல்கிறேன், ஒரே சந்தோஷம். மூன்று வயதுக் குழந்தைக்குப் பொய் சொல்ல வராது. தனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மாவுக்கும் தெரியும் என்றே அது நினைத்துக்கொண்டிருக்கும். 'என் மண்டைக்குள் இருப்பது உன் மண்டைக்குள் இல்லை' என்று புரிந்தால்தானே ஒளித்து வைக்கவே தோன்றும்? மினிக்கு அது புரிந்திருக்கிறது. பாதி. மீதிப் பாதிதான் டிரம்மோடு சேர்ந்து வெளியே வந்துவிட்டது.

ஆனால் ஏன் ஒளித்தாள்? எவ்வளவு கேட்டும் வாயைத் திறக்கவில்லை.

சாயந்திரம் ஸ்டீபன் நல்லபடியாகத் திரும்பினார். மினி அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். ஓடிப் போய்க் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். மறுநாள் காலை டிபனைத் தொடவில்லை. ஸ்கூலிலும் டப்பாவைத் திறக்கவே இல்லை என்று மிஸ் போன் செய்து சொன்னார். கடலைப் பார்த்துப் பயந்திருப்பாள் என்றேன் நான். கண் பட்டிருக்கும், மாதா கோயிலில் மந்திரித்து எண்ணெய் தடவலாம் என்றாள் ஜெசிந்தா.

அன்று மத்தியானம் விளையாட்டுச் சாமான் அலமாரியைத் துடைக்கப் போன ஜெசிந்தா, என்னைக் கூப்பிட்டாள்.

உள்ளே பொம்மைத் தட்டில் கொஞ்சம் சோற்றுப் பருக்கை. பொம்மை டம்ளரில் தண்ணீர். பக்கத்தில் ஒரு தீப்பெட்டி, அதற்குள் பஞ்சு மெத்தை. யாருக்கு இது என்று ஸ்கூல் விட்டு வந்த மினியைக் கேட்டோம்.

"டாடிக்கு. அவுரு இத்துனூண்டாய்ட்டா பெரிய தட்டுல எப்டி சாப்புடுவாரு?"

அப்புறம்தான் விஷயம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஸ்டீபன் குடும்பத்தைக் கடற்கரைக்குக் கூட்டிப் போயிருக்கிறார். பெருமையோடு ஒரு டக்கைக் காட்டி, "நாளைலேர்ந்து டாடி இதுலதான் போவேன்" என்றிருக்கிறார். மினி கண் இமைக்காமல் பார்த்திருக்கிறாள். டக் போகப் போகச் சின்னதாகியது. அதில் நின்ற ஆட்கள் எறும்பானார்கள். பிறகு எறும்பும் இல்லை.

நீங்களே சொல்லுங்கள். ஒரு அப்பாவை இப்படி ஒரு வண்டியில் ஏற விடலாமா?

ஐந்து வயது கண்ணை நம்பும். கண்ணில் பட்டதுதான் சத்தியம். ஷெரினுக்கு இது நன்றாகத் தெரியும். அதை வைத்துப் பல நாள் பிழைத்திருக்கிறாள். தான் இரண்டு பிஸ்கட் எடுத்துக்கொண்டு, தங்கைக்கு ஒன்றை நாலாக உடைத்துக் கொடுப்பாள். மினிக்கு ஏகத் திருப்தி, தனக்குத்தான் நிறைய என்று.

இந்த மாதிரி நேரத்தில் பெரியவர்கள் என்ன செய்வோம்? விளக்குவோம். நானும் விளக்கினேன். கட்டை விரலைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன், தள்ளி வைத்துக் காட்டினேன். மினி என் விரலைப் பிடித்துப் பரிசோதித்துவிட்டு, "ஒங்க வெரலு போட்டுல போவலயே" என்றாள்.

டாடிதான் நேற்று அதே சைஸில் திரும்பி வந்தாரே என்று கேட்டேன். அதற்கும் பதில் வைத்திருந்தாள். போகும்போது சின்னதாகிறார், வரும்போது பெருசாகிறார். ஒரு நாள் பெருசாக மறந்துவிட்டால்?

பதற்றத்தில் ஜெசிந்தா புருஷனுக்கு வீடியோ கால் போட்டாள். நேரிலேயே பார்த்துக்கொள்ளட்டும் என்று. உள்ளங்கை அகல போனில், டக்கின் தளத்தில் நின்று சிரித்தபடி கையாட்டினார் ஸ்டீபன். சுண்டு விரல் உயரம் இருந்தார்.

அந்த அழுகை தெருக்கோடி வரை கேட்டது.

ஸ்டீபன் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கேட்டார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மொட்டை மாடியில் என்னிடம் தனியாகச் சொன்னார். "கொயந்த காலைலேர்ந்து சோறு துன்னல அக்கா. காலைல மேஸ்திரியாண்ட சொல்லி யார்டுக்கே போய்டறேன். இன்னா பெரிய போட்டு."

குரல் அப்படிச் சொன்னாலும் கண் துறைமுகத்துப் பக்கமே இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த வேலைக்காக அவர் எத்தனை பேர் பின்னால் நடந்தார் என்று எனக்குத் தெரியும். ஆனால் தட்டில் பருக்கை எடுத்து வைத்துக் காத்திருக்கும் பிள்ளையிடம் யார் போய் சம்பள உயர்வைப் பற்றிப் பேசுவது?

அப்போது கீழே தெருவில் சண்டை கேட்டது. எட்டிப் பார்த்தோம்.

எங்கள் தெரு கோயில் வாசல் வரை வளையாமல் ஓடும். ஷெரின் அந்தக் கோடியில் நின்றுகொண்டிருந்தாள். மினி இந்தக் கோடியில், எங்கள் வாசலில். ஷெரினுக்குத் தங்கைக்குப் பாடம் எடுக்கும் எண்ணமெல்லாம் கிடையாது. அழுகையைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போய், தான் சொல்வதுதான் சரி என்று ஜெயிக்கக் கிளம்பியிருக்கிறாள். ஒன்பது வயதின் பலமே அதுதான். அது கண்ணையே சந்தேகப்படும். 'அப்படியென்றால் இப்படி ஆகணுமே' என்று மடக்கும்.

"நான் சின்னதாய்ட்டனா?" என்று அங்கிருந்து கத்தினாள் ஷெரின்.

"ஆமா! சின்னதாய்ட்ட! வந்துடு!" மினியின் குரல் உடைந்தது.

"நான் இல்ல. நீதான் சின்னதா கீற."

மினி தன் கையைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். குனிந்து கவுனைப் பார்த்தாள். அவளுக்கு வந்த கோபத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பொய் சொல்லாதே, நான் பெருசாகத்தான் இருக்கிறேன், இங்கேயேதான் நிற்கிறேன் என்று கத்தினாள். அங்கிருந்து ஷெரினும் அதையே கத்தினாள். நீதான், நீதான்... தெருவே வேடிக்கை பார்த்தது. மீன் கூடையோடு போன அம்மா ஒருத்தி நின்று, ரெண்டுமே சின்னதுதான், வூட்டுக்குப் போங்கடி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனாள்.

திடீரென்று மினி கத்துவதை நிறுத்தினாள். வாய் திறந்தபடியே இருந்தது. நான் எத்தனையோ பேர் யோசித்துப் பார்த்திருக்கிறேன்... யோசனை ஒரு முகத்தில் வந்து இறங்குவதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

விறுவிறுவென்று மாடிப்படி ஏறி வந்தாள். ஸ்டீபன் எதிரே நின்றாள்.

"டாடி, போட்டுலேர்ந்து பாத்தா நம்ப வூடு எப்டி தெரியும்?"

"வூடா?" ஸ்டீபன் யோசித்தார். "வூடு எங்கம்மா தெரியுது. கோயில் கோபுரமே பென்சில் மாறி கீது."

"அப்ப நானு?"

"நீ தெரியவே மாட்ட."

நான் பதறிப் போனேன். இதையா சொல்வது! போச்சு, மறுபடி அழப் போகிறாள் என்று கீழே பார்த்து ஜெசிந்தாவைக் கூப்பிடப் போனேன். மினி சிரித்தாள். இரண்டு நாளாகக் காணாத சிரிப்பு.

"நான் நாளு ஃபுல்லா இங்கதான் இருந்தேன். இவ்ளோ பெருசா இருந்தேன்." கையை முடிந்தவரை விரித்துக் காட்டினாள். "நீயும் அங்க பெருசாதான் இருந்த டாடி."

ஸ்டீபன் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். முகத்தை என் பக்கம் திருப்பவே இல்லை. நானும் துணி காயப்போட்ட கொடியை ஏதோ புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே போனதும் மினி இட்லி கேட்டாள். பெரிய தட்டில்.

நான் விளக்கியபோது நுழையாதது, அக்காவோடு போட்ட சண்டையில் எப்படி நுழைந்தது? நான் சொன்னது என் பதில். அவள் கண்டுபிடித்தது அவள் பதில். 'உனக்கு நான் எப்படித் தெரிகிறேன்' என்று எதிராளியின் இடத்தில் போய் நின்று பார்க்கும் வித்தை இருக்கிறதே, அதைப் பாடமாக நடத்த முடியாது. பிள்ளைகள் அதைத் தெருவில், விளையாட்டில், தொண்டை கட்டும் வரை சண்டை போட்டு எடுத்துக்கொள்கிறார்கள். நாம் ஹோம்வொர்க்கை முடிக்கச் சொல்லி அவர்களை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறோம்.

மறுநாள் ஸ்டீபன் மேஸ்திரியிடம் ஒன்றும் சொல்லவில்லை. டக்கில்தான் போகிறார்.

இருந்தாலும் மினி முழுசாக நம்பிவிடவில்லை. புதுக் கண்டுபிடிப்பு அல்லவா, தினமும் சரிபார்க்க வேண்டாமா? சாயந்திரம் பைக் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடுகிறாள். அவரை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, ஒட்டி நின்று, தன் தலைக்கு மேல் கையை வைத்து, அது அவர் பெல்ட் உயரத்துக்கு வருகிறதா என்று பார்க்கிறாள். "கரெக்டா கீற" என்று சொன்ன பிறகுதான் வீட்டுக்குள் அனுமதி.

வேலைக்குப் போன இடத்தில் யார் யாரிடமோ பேச்சு வாங்கி, காலையில் இருந்ததைவிடச் சின்னதாகி வீடு திரும்பும் அப்பாக்களை இந்தத் தெருவில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஸ்டீபன் மட்டும் தினமும் அதே சைஸில் வந்து சேருகிறார்.