பெண்கள் பக்கத்தில் குடியிருந்த பறவை

வடக்கு ஜகார்த்தாவின் ஆற்றோரக் குடிசைகளுக்கு நடுவே பொதுக் கழிப்பறை ஒன்று உண்டு. ஆண்கள் பக்கம் ஒன்று, பெண்கள் பக்கம் ஒன்று. பெண்கள் பக்கத்தில் குடியிருந்தது சந்துத் தலைவர் குஸ்னாதியின் சோலைப்பாடிக் குருவி. பாட்டுப் போட்டிக்குப் போகிற பறவை கண்ட சத்தத்தையும் கேட்கக் கூடாதாம். கேட்டதைத் தொண்டையில் பிடித்துக்கொள்ளுமாம். அதனால் கூண்டுக்குத் துணி போர்த்தி உள்ளே மாட்டியிருந்தார். கெட்ட கேட்டுக்குக் கதவில் பூட்டு வேறு.

வார்சித்தி சந்து முனையில் தெம்பே என்கிற சோயா வில்லையைப் பொரித்து விற்கிறவள். கழிப்பறை பூட்டியிருப்பதால் ஆற்றின்மேல் பலகை போட்ட இடத்துக்குத்தான் போகவேண்டும்; அங்கே மறைப்பு இடுப்பளவுதான். பகலில் படகில் போகிறவனெல்லாம் பார்ப்பான். அதனால் இருட்டும்வரை அடுப்படியில் தண்ணீரே குடிக்கமாட்டாள். ஒரு மாதமாக நீர்க்கடுப்பு, குளிர்காய்ச்சல். தண்ணீர் குடிக்காவிட்டால் சிறுநீரகம் போய்விடும் என்று மருத்துவமனையில் திட்டி அனுப்பினார்கள். குடிக்கலாம். குடித்துவிட்டு எங்கே போவது?

"தலைவரே, கூண்டை ஆம்பளைங்க பக்கம் மாட்ட வேண்டியதுதானே?"

"அப்ப ஆம்பளைங்க எங்க போவாங்கக்கா?"

விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே கேட்டார். வார்சித்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஞாயித்துக்கிழமை போட்டி முடியட்டும்க்கா."

"போன மாசமும் இதேதான் சொன்னீங்க. அது பேரன் பேத்தி எடுத்தாலும் உங்க போட்டி முடியாது!"

மறுநாள் காலை பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கோழிக்குஞ்சை வாங்கி, கூடைக்குள் விட்டு, கழிப்பறைச் சாளரத்துக்கு நேர்கீழே வைத்தாள். தாயைப் பிரிந்த குஞ்சு சும்மா இருக்குமா? கீச்கீச்சென்று ஊரைக் கூட்டியது. கோழிக்குஞ்சு மாதிரி கத்துகிற பறவையைப் போட்டியில் ஒருவரும் மதிக்கமாட்டார்கள் என்பது அந்தச் சந்தில் எல்லாருக்கும் தெரியும்.

பாதி மழித்த முகத்தோடு குஸ்னாதி ஓடி வந்தார்.

"ஐயோ, என்னக்கா இது! என் பறவை தொண்டையே போச்சு!"

"கத்தட்டும். அம்மாவைக் காணோம், பாவம்."

பூட்டைத் திறந்து உள்ளே பாய்ந்தார். கூண்டைப் பிள்ளையைப்போல அணைத்துக்கொண்டு வெளியே வந்தார். எரிகிறது எரிகிறது என்று அவள் ஒரு மாதம் சொன்னபோது அசையாத மனிதர். வார்சித்தி உள்ளே போய்த் தாழ் போட்டாள்.

"அக்கா, குஞ்சு எவ்வளவு நேரமா கத்துது? என் பறவை கேட்டிருக்குமா?" என்றார் வெளியிலிருந்து.

"எனக்கு எப்படி இருக்குன்னு ஒரு நாளாவது கேட்டியாய்யா நீ?" அழுகை முட்டிக்கொண்டு வந்ததில் அவள் குரல் உச்சத்துக்குப் போயிற்று.

வெளியே அவர் கூண்டின்மேல் துணியை இழுத்துவிடும் சரசரப்பு கேட்டது.

"மெதுவாப் பேசுங்கக்கா," என்றார் பிறகு. "பறவை பயப்படுது."