அண்ணன் வீட்டுச் சுவரின் பழுப்புக் கோடு

இந்த நினைவு மலரின் அட்டையில் அண்ணன் சிரிக்கும் படத்தைப் போட்டிருக்கிறோம். அது ஒரு சித்திரை மாதத்தில் எடுத்தது. ஐப்பசி, கார்த்திகையில் எடுத்த எந்தப் படத்திலும் அவர் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் தேடிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நல்லதை மட்டும் எழுதும்படி உறவினர் சிலர் கேட்டுக்கொண்டார்கள். அண்ணிதான், "நடந்தத எழுது தம்பி. அவரு இருந்தா அதத்தான் சொல்லுவாரு" என்றார். நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உள்ளவன் என்பதால் பொறுப்பு என்னிடம் வந்தது.

அண்ணன் மேல்விஷாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பிறந்தார். அப்பா பதனிடாத பச்சைத் தோல் சுமப்பவர். அண்ணன் பத்தாம் வகுப்பு முடித்த கோடையில் அப்பா இடுப்பு ஒடிந்து படுத்தார். பள்ளி திறந்த திங்கட்கிழமை அண்ணன் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியருகே நின்றிருந்தார். என்னையும் தங்கையையும் படிக்க வைத்தது அந்தத் தொட்டிதான். விரலிடுக்குகள் வெந்திருக்கும் என்பதால் சோற்றைக் கரண்டியால் சாப்பிடுவார். கல்யாண வீடுகளில் அதைப் பகட்டு என்று பேசியவர்கள் உண்டு. அவர்களும் இதைப் படிக்கட்டும்.

வேலையில் படிப்படியாக உயர்ந்து கழிவுநீர்த் தொட்டிகளுக்குப் பொறுப்பாளர் ஆனார். இனி எழுதுவதை எழுதக் கூசுகிறது. கழிவுநீரைச் சுத்திகரிக்க அனுப்ப வேண்டும் என்பது விதி. ஆனால் வங்கக் கடலில் புயல் என்று தொலைக்காட்சியில் சொன்னதும் மேனேஜர் போன் செய்வார். மழை வலுத்தவுடன் பின்சுவரோரம் இருக்கும் வால்வைத் திறந்து, தொட்டியில் கிடப்பதையெல்லாம் ஓடையில் விட்டுவிட வேண்டும். மழையோடு மழையாகப் போய்விடும். ஊரே புயலுக்குப் பயந்துகொண்டிருக்க, அதற்காகக் காத்திருந்தவர்களும் இருந்தார்கள். அண்ணன் ஆறு பருவங்கள் அந்த வால்வைத் திறந்தார்.

அதன் பிறகு ஒரு பங்குனியில் மனை வாங்கினார். பக்கத்தில் ஓடை காய்ந்து கிடந்தது, ஆடுகள் மேய்ந்தன. கூடப் போன நானும் நல்ல இடம் என்றேன். அதையும் பதிந்தாக வேண்டும். வாஸ்து பார்த்தோம், கிழக்கு வாசல் பார்த்தோம். அந்த ஓடை எங்கிருந்து வருகிறது என்று இருவருமே பார்க்கவில்லை. கட்டிக்கொண்டிருந்த ஆண்டு புயல் வரவில்லை. மறு ஆனியில் புதுவீடு புகுந்தார்கள்.

அந்த ஐப்பசியின் கடைசி வியாழனன்று முதல் புயல் வந்தது. கரையைக் கடந்தது எங்கோ. நமக்கு இரண்டு நாள் அடைமழை. வழக்கம்போல் காலையில் போன் வந்தது, அண்ணன் வால்வைத் திறந்தார். பிற்பகலில் வீடு திரும்பியபோது சமையலறையில் முழங்கால் அளவு தண்ணீர். பழுப்பு நிறம், மேலே திட்டுத்திட்டாக நுரை, நுரையில் ஆட்டு முடியும் தோல் துணுக்குகளும். அரிசி டிரம் கவிழ்ந்து மிதந்தது. அண்ணன் ஒரு கை அள்ளி முகர்ந்தார். எந்தத் தொட்டித் தண்ணீர், எத்தனை நாள் கிடந்தது என்பதை வாசனையிலேயே சொல்லக்கூடியவர் அவர்.

"இது நம்ம ரெண்டாவது தொட்டி" என்றார். "காத்தால நான்தான் தொறந்து விட்டேன்."

அண்ணி பின்கட்டுக்குப் போய் வாந்தி எடுத்தார். நாற்றத்துக்கா, கேட்டதற்கா என்று பல நாள் கழித்துக் கேட்டேன். ரெண்டுக்கும்தான் என்றார்.

தண்ணீர் வடிந்த பின் கூடத்துச் சுவரில் இடுப்புக்குக் கீழே ஒரு பழுப்புக் கோடு நின்றது. பக்கத்தில் நான் பென்சிலால் தேதி எழுதினேன். தையில் வெள்ளையடித்தார்கள். ஆவணிக்குள் கோடு சுண்ணாம்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

ஓடை எவ்வளவு நிறைந்தாலும் மழைத் தண்ணீர் மட்டும் என்றால் வாசற்படியோடு நின்றுவிடும், தொட்டித் தண்ணீரும் சேரும்போதுதான் உள்ளே ஏறுகிறது என்று அண்ணன் கண்டுபிடித்திருந்தார். எனவே அடுத்த புயலுக்கு வால்வைத் தொட மறுத்தார். மேனேஜர் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "இன்னாபா, இத்தினி வருஷம் யாரு வீட்டுக்குப் போச்சு? அப்ப வராத நாத்தம் இப்ப மட்டும் வருதா?"

இதை அண்ணன் என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். "அவன் கேட்டது கரெக்ட்டுதான்டா. அதான் பேஜாரா இருக்குது" என்பார். அவரை கேட் காவலுக்கு மாற்றினார்கள். வால்வுக்கு வேறொருவர் வந்தார். தண்ணீரும் வந்தது. மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் மனு கொடுத்தோம், பார்வையிட வந்தவர்கள் மாசி மாதத்தில் வந்து, காய்ந்த ஓடையைப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஐப்பசியும் ஒரே மாதிரிதான். பிரிட்ஜைக் கல் அடுக்கி உயர்த்துவது, அரிசியைப் பரணில் ஏற்றுவது, கழிவறைக் குழி எதிர்த்துப் பொங்காமல் மணல் மூட்டை வைப்பது. வைத்தும் பொங்கும். வடிந்தபின் ஒரு வாரம் பினாயில் ஊற்றிக் கழுவுவது. கால் புண் ஆற மார்கழி ஆகிவிடும். புயலில் தப்பியதாக மற்ற வீடுகளில் பேசுவார்கள். இந்த வீட்டில் அப்படிச் சொல்ல எதுவும் இருந்ததில்லை.

விற்றுவிடலாம் என்று அண்ணி சொன்னார். கோடையில் வீடு பார்க்க ஆள் வந்தால் புரோக்கர் முதல் நாளே வெள்ளையடிக்கச் சொல்வார். அண்ணன் அடிக்க மாட்டார். வந்தவரைக் கூடத்துக்கு அழைத்துப்போய், நாற்காலியை நகர்த்திக் கோட்டைக் காட்டுவார். "இதுவரைக்கும் வரும் சார். வெறும் தண்ணி இல்ல." மூன்று பேர் இப்படி வந்து போனார்கள். பக்கத்து வீட்டு கமால் பாய், "தோஸ்த், நீ வீட்ட விக்கிறியா, எக்ஸிபிஷன் வெக்கிறியா?" என்று கேலி செய்வார். தான் திறந்துவிட்டது யார் யார் வீட்டுக்கெல்லாம் போயிருக்கும் என்று தெரியாத ஒருவர், இந்த ஒரு வீட்டையாவது ஏமாற்றி விற்கக்கூடாது என்றிருந்தார். நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன்.

நுரையீரல் கெட்டு, வேலூரில் பதினோரு நாள் இருந்து, வீட்டுக்கே போகிறேன் என்று பிடிவாதம் பிடித்து வந்தார். கார்த்திகை இரண்டாம் செவ்வாய் விடியலில் போய்விட்டார். அன்றும் புயல். எட்டு மணிக்குக் கூடத்தில் கணுக்கால் தண்ணீர், அதே நிறம். கமால் பாய் மதரஸாவிலிருந்து இரண்டு பெஞ்சு கொண்டுவந்தார். ஐஸ் பெட்டியை அவற்றின் மேல் ஏற்றினோம். பார்க்க வந்தவர்கள் நுரைக்குள் நின்று அழுதார்கள்.

ஒன்பதரைக்கு மேனேஜர் மாலையோடு வந்தார். பேன்டை முழங்கால் வரை மடித்து, மூக்கில் கைக்குட்டையை வைத்திருந்தார். அண்ணி நிமிர்ந்து பார்த்தார்.

"கர்சீப்ப எடுங்க சார். உங்க தண்ணிதான்."

அவர் எடுத்தார். இரண்டு நிமிடம் நின்றார். போனார்.

பத்தரைக்குப் பிறகு, மழை விடாதபோதே தண்ணீர் இறங்கத் தொடங்கியது. பன்னிரண்டுக்குத் தரை தெரிந்தது. கழுவிவிட்டு, அண்ணனைச் சுத்தமான தரையில் கிடத்திக் குளிப்பாட்டி, ஒரு மணிக்கு எடுத்தோம். மூன்றுக்கு மயானத்திலிருந்து திரும்பியபோது கூடத்தில் மறுபடியும் தண்ணீர்.

பதினாறாம் நாள் ஒருவர் வந்து ஓரமாக நின்றார். அண்ணனுக்குப் பிறகு வால்வுக்கு வந்தவர். "அண்ணன் வீட்ல கெடத்தியிருக்காங்கன்னு சொன்னாங்க. வால்வு ஜாம் ஆயிடுச்சுன்னு சொல்லி ரெண்டரை மணி நேரம் மூடி வெச்சேன் சார். அதுக்கு மேல முடியல" என்றார்.

பெஞ்சு தந்த கமால் பாய்க்கும், தரையைக் கழுவித் தந்த அவர் மனைவிக்கும், ஓடையைச் சுற்றிக்கொண்டு வந்த ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கும், மழையில் தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வால்வை மூடியவருக்கும் நன்றி. அவர் பெயரைப் போட்டால் வேலை போய்விடும் என்பதால் போடவில்லை. உயிரோடு இருந்த அண்ணனுக்காக ஒரு பருவத்திலும் மூடப்படாத வால்வு, பிணத்துக்காக இரண்டரை மணி நேரம் மூடியிருந்தது.

முதலாண்டு நினைவு நாள் இதே வீட்டில்தான். சுவருக்கு வெள்ளையடிக்கவில்லை. கார்த்திகை என்பதால், வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டாம், போட்டுக்கொண்டே உள்ளே வரலாம் என்று அண்ணி சொல்லச் சொன்னார்.